ஆறு நாளில் எழுந்த கோட்டை

பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு முயல். வேட்டை நாய்களை அது எதிர்த்துத் துரத்தியதாம். வீரம் விளைகிற மண் என்று கண்டு அங்கே கோட்டை கட்டினார்களாம். இரண்டாவதாக நினைவுக்கு வருவது 1959-ல் வந்த சினிமா. அதில் கட்டபொம்மன் பேசும் வசனத்தைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒப்பித்துக் கைதட்டல் வாங்காத பிள்ளை நம் பக்கத்தில் குறைவு. முயலும் நல்லதுதான், வசனமும் நல்லதுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய சங்கதி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தக் கோட்டையை எதைக் கொண்டு கட்டினார்கள், யார் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டாலும் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லத் தெரியும்?

தொழில் என்றால் என்ன, புதிது புனைவது என்றால் என்ன, இடித்தாலும் திரும்ப எழுந்து நிற்கிற கட்டுமானம் என்றால் என்ன என்று கரிசல் காட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க, ஜப்பானையும் ஜெர்மனியையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒட்டப்பிடாரம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும்.

1799-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி, மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். முதல் தாக்குதல் பலிக்கவில்லை. கும்பினி அதிகாரிகள் சிலர் அங்கேயே மாண்டார்கள். பின்னர் பாளையங்கோட்டையிலிருந்து உதவிப் படை வரவே, உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கணக்கு தீர்ந்தது என்று கும்பினியார் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

1801 பிப்ரவரி 2-ம் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, மேஜர் காலின் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தான். அந்தப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்றோர் இளம் அதிகாரி இருந்தார். 1830-ல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அன்று கண்ட காட்சியை எழுதியிருக்கிறார். மண்ணோடு மண்ணாக்கிவிட்டு வந்த கோட்டை முழுசாக எழுந்து நிற்கிறது! மதில்மேல் சுமார் 1500 பேர் ஆயுதத்தோடு நிற்கிறார்கள்! வந்த படை மறுநாளே திரும்பிப் போயிற்று. அந்த மதில் எழுந்தது ஆறே நாளில் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

எப்பேர்ப்பட்ட கோட்டை? வெல்ஷ் தரும் அளவைப் பார்த்தால் சிரிப்பு வரும். நீளம் ஏறக்குறைய 500 அடி, அகலம் 300 அடி, மதில் உயரம் 12 அடி. சிறு சிறு சதுரக் கொத்தளங்கள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. கருங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. மதில் முழுக்க மண். அதிலும் பசை மிகுந்த, கெட்டியான மண் என்று ராணுவக்காரர் வியக்கிறார்.

மார்ச் 31-ம் தேதி மெக்காலே பீரங்கிகளோடு மறுபடியும் வந்தான். காலையிலிருந்து மாலை வரை சுட்டார்கள். கல் மதிலில் குண்டு பட்டால் கல் பிளக்கும். பக்கத்துக் கல்லும் ஆட்டம் காணும். மண் மதிலில் குண்டு பட்டால் புதையும். மதில் குண்டை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும். கடைசியில் ஓரிடம் உடைந்ததைப் போலத் தெரிந்தது. சிப்பாய்கள் பாய்ந்து ஏறினார்கள். உச்சிக்குப் போனால், கால் வைக்க இடமில்லை. கொத்தளத்தின் உட்புறம் வெறும் குழி. குழிக்குள் நீண்ட ஈட்டிகளோடு ஆட்கள். ஏறினவர்கள் விழுந்தார்கள். கும்பினிப் படை அன்று பெருஞ்சேதத்தோடு பின்வாங்கியது.

மே மாதம் கர்னல் அக்னியூ பெரும் படையும் கனத்த பீரங்கிகளும் கொண்டுவந்தான். 24-ம் தேதி கோட்டை விழுந்தது. இந்தத் தடவை இடித்ததோடு விடவில்லை. உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது அந்தச் சீமையின் வழக்கு. நவம்பரில் ஊமைத்துரையும் தூக்குமரம் ஏறினான். 1968-69-ல் தொல்லியல் துறையார் தோண்டியபோதுதான் அரண்மனையின் செங்கல் அடித்தளம் வெளிச்சம் கண்டது. இன்று நாம் பார்க்கிற நினைவுக் கோட்டை 1974-ல் சர்க்கார் கட்டியது.

இந்தக் கதையை வீரத்தின் கதையாக மட்டும் சொல்கிறோம். நான் அதை வேலையின் கதையாகவும் சொல்ல வேண்டும் என்கிறேன். கரிசல் மண் சாதாரண மண் அல்ல. மழை பெய்தால் ஊதும். வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். அதில் நீர் எவ்வளவு, வைக்கோல் எவ்வளவு, எத்தனை நாள் மிதித்து ஊறவைக்க வேண்டும், ஓர் அடுக்கு காய்ந்த பிறகு அடுத்ததை எப்போது ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் மண்சுவர் வைத்துப் பழகியவனுக்குத்தான் தெரியும். சிறையிலிருந்து வந்த ஊமைத்துரை ஒருவனாக அந்த மதிலை எழுப்பியிருக்க முடியாது. பேச்சே சரியாக வராத அந்த மனிதன் கையசைத்தான். ஊர் ஊராக ஜனங்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அந்தக் கைகளுக்கு உத்தரவு தேவைப்பட்டதே தவிர, பாடம் தேவைப்படவில்லை. கோட்டை மதிலில் இருந்தது என்று கும்பினி நினைத்தது. அது ஜனங்களின் கையில் இருந்தது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1872-ல், அதே செப்டம்பர் 5-ம் தேதி, அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்தார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. அதற்கும் கப்பல் அசையவில்லை. 1908 மார்ச்சில் பிள்ளையவர்களைக் கைது செய்தார்கள்; 1911-ல் கம்பெனியே கலைந்தது. அந்நிய சர்க்காரின் கொடுமை மறுக்க முடியாதது. ஆனாலும் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகும் மதில் எழுந்தது. சிதம்பரம் பிள்ளையைச் சிறையில் போட்டதும் கப்பல் நின்றது. மண் பிசையத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். கப்பல் நடத்தத் தெரிந்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் இருந்தார்கள். ஒருவர் கையில் இருக்கிற தொழில் அவர் கைக்கு விலங்கு மாட்டியதும் நின்றுவிடுகிறது.

மூன்றாவது பாடம் சற்றுக் கசப்பானது. 1923-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழையில்லாத சீமை என்று எல்லோரும் பழித்த வறட்சியே குச்சி காய வசதியாயிற்று. குறையை மூலதனமாக்கிய புத்தியை எவ்வளவு மெச்சினாலும் தகும். சிவகாசியோடு கோவில்பட்டியும் அந்தத் தொழிலால் பிழைத்தது. ஆனால் வெகுகாலம் அந்தக் குச்சிகளை அடுக்கியவை பள்ளிக்கூடம் போக வேண்டிய விரல்கள். பிள்ளையின் படிப்பைத் தின்று வளர்கிற தொழில் அடுத்த தலைமுறைக்கு எதை விட்டுவைக்கும்? அரை மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிற எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சோற்றையும் இந்தச் சீமையின் கட்டுமானக் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். மண் மதிலின்மேல் ஏற முடியாமல் திரும்பிய காலின் மெக்காலேயின் தம்பி மகன் யார் தெரியுமா? 1835-ல் நமக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டும் என்று குறிப்பு எழுதினாரே, அதே மெக்காலேதான். பெரியப்பாவுக்கு வசப்படாத கோட்டைக்குள் பிள்ளை வேறு வழியாக நுழைந்துவிட்டார். அந்தப் படிப்பு நமக்கு எத்தனையோ நன்மை செய்தது. கையில் மண் படுவது கௌரவக் குறைவு என்ற எண்ணத்தையும் கூடவே வளர்த்துவிட்டது.

செப்டம்பர் 5-ம் தேதி ஆசிரியர் தினமும்கூட. அன்றைக்குப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து வாத்தியார் யாராவது, வசனம் ஒப்பித்து முடிந்த பிறகு, பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்க் கரிசல் மண்ணைப் பிசைந்து ஓர் அடி உயரச் சுவர் வைக்கச் சொல்லட்டும். பாதிப் பேர் வைக்கோல் சேர்க்கட்டும். மீதிப் பேர் சேர்க்காமல் வைக்கட்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு எது நிற்கிறது என்று அவர்களே போய்ப் பார்ப்பார்கள். விழுந்த சுவரின் முன்னால் நிற்கிற பிள்ளை, அதை மறுபடி எப்படி வைப்பது என்று கேட்கும். வாத்தியார் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தால் போதும்.