குயின்ஸ் (மீட்பு ரோபோ)

குயின்ஸ் என்பது ஜப்பானின் சிபா தொழில்நுட்பக் கழகமும் தோஹோக்கு பல்கலைக்கழகமும் சர்வதேச மீட்பு முறைமைக் கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய சிறிய ரோபோ. இடிபாடுகளிலும் படிக்கட்டுகளிலும் ஏறி இறங்கி, மனிதர் போகக்கூடாத இடத்துக்குள் போய்ப் பார்த்துவருவது இதன் வேலை. புகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு, 2011 ஜூன் முதல் அங்குள்ள அணுஉலைக் கட்டடங்களுக்குள் அனுப்பப்பட்டது. அந்தக் கட்டடங்களின் மேல்தளங்களுக்கு ஏறிச் சென்ற முதல் ஜப்பானிய ரோபோ இதுதான். குயின்ஸ் என்பது தமிழில் சீமைமாதுளை எனப்படும் பழத்தின் பெயர். சிபா ஆய்வகம் தன் ரோபோக்களுக்குச் செடிகொடிகளின் பெயர்களையே வைத்துவந்தது. இதற்கு முன்னோடியான ரோபோவின் பெயர் கெனாஃப், அதாவது நார் தரும் புளிச்சைச் செடி.

இந்த ரோபோவின் வேர் அணுஉலையில் இல்லை, நிலநடுக்கத்தில் இருக்கிறது. 1995 ஜனவரியில் கோபே நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது கோபே பல்கலைக்கழகத்தில் இருந்த சதோஷி தாதொகோரோ, மீட்பு ரோபோக்களை ஒரு தனி ஆய்வுத் துறையாக வளர்க்க முனைந்தார். 2002இல் சர்வதேச மீட்பு முறைமைக் கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் அவர் தோஹோக்கு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். குயின்ஸின் இயந்திர வடிவமைப்பு சிபாவில் எய்ஜி கொயானாகியின் குழுவில் உருப்பெற்றது. தோஹோக்கு தரப்பில் கெய்ஜி நாகதானி முக்கியப் பங்காற்றினார்.

அமைப்பு எளிமையானது. உடல் முக்கால் மீட்டருக்கும் குறைவான நீளம், அரை மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலம், எடை சுமார் 27 கிலோ. டாங்கியில் இருப்பதுபோல் ஓடும் பட்டை உடலின் அடிப்பக்கத்தையே போர்த்தியிருக்கிறது. அதனால் கல்லோ கம்பியோ வயிற்றில் முட்டினாலும், சக்கரம் அந்தரத்தில் சுழல வண்டி மாட்டிக்கொள்ளும் நிலை அநேகமாக வருவதில்லை. நான்கு மூலைகளிலும் பட்டை சுற்றிய சிறு கைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் திரும்பும்.

படியேறும்போது முன்கைகள் இரண்டும் உயர்ந்து முதல் படியின் விளிம்பைப் பிடிக்கின்றன. உடல் சாய்ந்து எழும் நேரத்தில் பின்கைகள் தரையை அழுத்தி, ரோபோ பின்பக்கமாகக் கவிழாமல் தாங்குகின்றன. பிறகு முன்னும் பின்னும் கைகளை நீட்டி உடலோடு ஒரே கோட்டில் வைத்துக்கொண்டால் ரோபோ நீண்டுவிடுகிறது. ஒரே சமயத்தில் பல படிவிளிம்புகளில் படிந்து ஏறுவதால் வழுக்குவது குறைகிறது. இதையெல்லாம் இயக்குபவர் தொலைவில் உட்கார்ந்து திரையில்தான் பார்க்கிறார். முன்னால் உள்ள கேமரா வழியைக் காட்டும். பின்பக்கம் உயரமாகப் பொருத்திய கேமரா ரோபோவையே மேலிருந்து காட்டும். எந்தக் கை எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிய இந்த இரண்டாவது படம் இன்றியமையாதது.

2011 மார்ச் 11இல் 9 அளவிலான நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி அணுஉலைகளின் குளிரூட்டல் நின்றபோது, ரோபோ நாடு என்று பெயர்பெற்ற ஜப்பானில் உள்ளே அனுப்ப ஆயத்தமான ரோபோ எதுவும் இல்லை. 1999இல் தோகாய்முரா அணு விபத்துக்குப் பின் அரசு செலவில் சில ரோபோக்கள் செய்யப்பட்டும், அணுமின் நிலையங்களுக்கு அவை தேவையில்லை என்று அந்த முயற்சி கைவிடப்பட்டிருந்தது. இது வருந்தத்தக்க முடிவு. ஏப்ரல் 17 அன்று முதலில் உள்ளே போனவை அமெரிக்க ஐரோபாட் நிறுவனத்தின் பேக்பாட் ரோபோக்கள்.

பூகம்ப இடிபாட்டுக்காகச் செய்த குயின்ஸை அணுஉலைக்கு ஏற்றபடி மாற்றும் வேலை அதன் பிறகு அவசரமாக நடந்தது. முதல் கேள்வி கதிர்வீச்சு. குயின்ஸின் மின்னணுப் பாகங்கள் கடையில் வாங்கக்கூடிய சாதாரணப் பாகங்களே. அவற்றைக் கோபால்ட்-60 கதிர்வீச்சில் வைத்துச் சோதித்தபோது பெரும்பாலானவை 200 கிரே அளவையும் தாங்கின. ஈயக் கவசம் போட்டால் எடை கூடிப் படியேற முடியாமல் போகும். ஆகவே கவசம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். குயின்ஸ் வரலாற்றில் மிகச் சரியான முடிவு இதுவே. வேகமாக ஏறி, பார்த்து, இறங்கிவிடும் இயந்திரத்துக்குத் தன் கால்களே காவல்.

இரண்டாவது கேள்வி தொடர்பு. தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள் வானொலி அலை எட்டாது. அதனால் சுமார் 500 மீட்டர் தொடர்புக் கேபிளை ரோபோவிலேயே சுருளாக ஏற்றினார்கள். போகும்போது அவிழ்த்துவிட்டு, திரும்பும்போது சுருட்டிக்கொள்ள வேண்டும். டோக்கியோ மின்சக்தி நிறுவனத்தின் ஊழியர்கள் ஆய்வாளர்களிடம் பயிற்சி பெற்று, பாதுகாப்பு உடையும் கையுறையும் முகமூடியும் அணிந்தபடி இதை இயக்கினார்கள்.

முதல் பணி ஜூன் 24 அன்று, 2ஆம் உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கிய நீரின் மட்டத்தை அளக்கும் கருவியை வைப்பது. படிக்கட்டின் திருப்பத்தட்டு முன்பே சொல்லப்பட்டிருந்ததைவிடக் குறுகலாக இருந்தது. ரோபோவால் திரும்ப முடியவில்லை, பணி நிறைவேறவில்லை. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மேல்தளங்களில் காற்றுத் தூசி மாதிரிகளை எடுத்தது, கதிர்வீச்சை அளந்தது. ஜூலை 26 அன்று 3ஆம் உலைக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் உலைக்கருவுக்கு நீர் தெளிக்கும் குழாய்ப் பகுதியைப் பார்த்துவந்தது. அந்தக் குழாய் வழியே செப்டம்பரில் நீர் செலுத்தத் தொடங்கினார்கள். எங்கே எத்தனை நிமிடம் மனிதர் நிற்கலாம் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அவசரகாலப் பணியாளருக்கான கதிர்வீச்சு உச்சவரம்பே அந்த ஆண்டு 100இலிருந்து 250 மில்லிசீவர்ட்டாக உயர்த்தப்பட்டிருந்தது.

ஆறாவது பணி அக்டோபர் 20இல். 2ஆம் உலைக் கட்டடத்தின் ஐந்தாம் தளம் வரை குயின்ஸ் ஏறியது. தரைத்தளத்தை ஒன்று என்று எண்ணுவது ஜப்பானிய வழக்கம் என்பதால் நம் கணக்கில் இது நான்காவது மாடி. அளவீடு முடிந்து இறங்கும் வழியில், மூன்றாம் தளத்தில் கேபிள் சிக்கி அறுந்தது. படமும் கட்டளையும் ஒரே கணத்தில் நின்றன. பட்டையும் மோட்டாரும் பழுதாகவில்லை, கதிர்வீச்சும் அதை வீழ்த்தவில்லை. பேச வழியில்லாமல் போனதால் மட்டுமே அது அங்கேயே விடப்பட்டது.

அடுத்த வடிவங்கள் இந்த இழப்பிலிருந்தே பிறந்தன. 2012 பிப்ரவரியில் குயின்ஸ் 2, குயின்ஸ் 3 இரண்டும் ஒப்படைக்கப்பட்டன. கேபிளைத் தானே சுருட்டும் அமைப்பு மேம்படுத்தப்பட்டது. கம்பியில்லாத் தொடர்பும் சேர்க்கப்பட்டதால், ஒன்றின் கேபிள் அறுந்தால் மற்றொன்று அருகே போய் அதனோடு பேசி வெளியே அழைத்துவரலாம். குயின்ஸ் 3 சுற்றுப்புறத்தை முப்பரிமாணமாக அளக்கும் லேசர் கருவியையும் சுமந்தது. அதே மாதம் 27ஆம் தேதி குயின்ஸ் 2 மீண்டும் அந்த ஐந்தாம் தளத்துக்கு ஏறியது.

சிபா ஆய்வகம் பின்னர் ரோஸ்மேரி, சகுரா ஆகிய ரோபோக்களைச் செய்தது. ரோஸ்மேரி அதிகச் சுமையோடு படியேறக்கூடியது. அடித்தளங்களுக்காக வடிவமைத்த சகுரா, குறுகலான படிக்கட்டுத் திருப்பங்களில் திரும்பும்படி உடல் சுருக்கிச் செய்யப்பட்டது.