சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேட்ட பாட்டு

என் போன்ல பேரே வைக்காத ஒரு பிளேலிஸ்ட் இருக்கு. எல்லாம் குத்துப்பாட்டு. பக்கத்துல யாராவது வந்தா உடனே மாத்திடுவேன்.

இந்தக் கூச்சம் புதுசு இல்ல. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமா பாட்டு ரசனையைக் கெடுக்குதுன்னு நினைச்சார். அகில இந்திய வானொலியில் அது கிட்டத்தட்ட காணாமலே போனது. ஜனங்க ரேடியோ முள்ளை சிலோன் பக்கம் திருப்பினாங்க. கடைசியில் அரசே இறங்கி வந்து, 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கியது.

எங்க பாட்டியும் அவங்க அப்பா தூங்கினப்புறம் சிலோன் கேட்டவங்கதான். "தப்பு பண்ற மாதிரியே இருக்கும்டா. ஆனா எனக்குன்னு இருந்தது அந்த அரை மணி நேரம்தான்"னாங்க.

அன்னைக்கு ராத்திரி என் லிஸ்டை அவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். "சத்தம் கொஞ்சம் கூட்டி வைடா"ன்னாங்க.