கீற்றும் ஓடும் தளமும்: நம் கூரைகளின் வரலாறு

ஒரு மனிதனின் நிலையை அவன் உடுக்கும் உடையைக் கொண்டும் உண்ணும் உணவைக் கொண்டும் அளப்பது உலக வழக்கு. நம் கிராமங்களிலோ இவ்விரண்டிற்கும் முன்னதாகக் கண்ணிற் படுவது கூரையே. ஊர்த்தெருவில் ஓடு, சேரியில் கீற்று என்னும் வேறுபாடு நெடுங்காலம் நிலவியது. இதற்கு ஏழ்மையே காரணம் என்பர் பலர். ஏழ்மை ஒரு காரணமே; முழுக் காரணம் அன்று.

அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாத மக்கள் செய்தால் குற்றமென்று கிராமச் சமூகம் கருதிய செயல்களைத் தொகுத்துக் கூறியுள்ளார். நிலமும் கால்நடையும் சேர்ப்பது குற்றம். தூய ஆடை அணிவது குற்றம். ஓட்டுக்கூரை வீடு கட்டுவதும் குற்றம். ஆகவே, கையில் பணம் இருந்தவனும் ஓடு வேய அஞ்சிய காலம் ஒன்று உண்டு என்பதை இளந்தலைமுறை அறிதல் வேண்டும்.

இரண்டாவது காரணம் மனை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சிப் பொறுப்பில் இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கில அதிகாரி 1891இல் பறையர் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். உழுது பயிரிட்ட மக்களுக்குக் குடியிருந்த மனைமீதும் உரிமையில்லை என்பதை அவ்வறிக்கை வெளிப்படுத்திற்று. நாளையே வெளியேறு என்று சொல்லப்படக்கூடிய இடத்தில் எவன் கருங்கல் அடித்தளம் இட்டுச் சுவர் எழுப்பி ஓடு வேய்வான்? கீற்றுக் குடிசையைப் பிரித்துத் தோளில் சுமந்து செல்லலாம். ஓட்டு வீட்டைச் சுமக்க இயலாது. விவசாயத் தொழிலாளர் முதலானோர் குடியிருக்கும் மனைகளை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. கூரையின் வரலாறு மனைப் பட்டாவின் வரலாற்றோடு பிணைந்தது என்பது இதனால் விளங்கும்.

இனி, கூரைப் பொருள்களை ஒவ்வொன்றாக எடை போடுவோம்.

முதலாவது கீற்று. தென்னங்கீற்று, பனையோலை, விழல், வைக்கோல் ஆகியன அருகிலேயே கிடைப்பவை. கோடையில் குளிர்ச்சி தருவதில் இவற்றிற்கு நிகரில்லை. ஆயினும் தென்னங்கீற்றை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மாற்றத் தவறினால் ஐப்பசி மழையில் ஒழுகும், அடுப்பு நனையும், பிள்ளைகளின் புத்தகமும் நனையும். எல்லாவற்றினும் பெரிய குறை நெருப்பு. 1957இல் முதுகுளத்தூர்க் கலவரத்தில் குடிசைகள் பல எரிந்தன. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். அவர்களுள் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். பகைவன் கையில் கீற்றுக்கூரையே ஆயுதமாயிற்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதன் பின்னரே பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்பதில் அரசு உறுதி காட்டியது.

தீயின் அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மரத்தைப் பிளந்து செய்த பட்டைகளால் கூரை வேயும் வழக்கம் உண்டு. 1961இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் பெல் ஏர் பகுதியில் பரவிய தீ, ஏறத்தாழ 500 வீடுகளை அழித்தது. மரப்பட்டைக் கூரைகளே தீயை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றன. அங்கு எரிந்தவை செல்வர் மாளிகைகள். பின்னர் அங்குக் கூரைச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று அந்நாட்டில் மரப்பட்டையையும் கற்பலகையையும் போலவே தோன்றும் பிளாஸ்டிக், ரப்பர் ஓடுகள் விற்பனையாகின்றன.

இரண்டாவது ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடு பழமையானது. பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் தட்டை ஓடு பரவியது. இதுவே சீமை ஓடு எனப்பட்டது. ஓடு எரியாது, மட்காது, ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றிக் கொள்ளலாம், இடுக்குகளின் வழியே வெப்பக் காற்று வெளியேறும். ஆனால் அதைத் தாங்க நல்ல மரச்சட்டம் வேண்டும். மரத்தின் விலை ஏற ஏற, எளியவனுக்கு ஓடு எட்டாப் பொருளாயிற்று. தடை நீங்கிய காலத்தில் விலை தடையாக வந்தது.

மூன்றாவது, மக்கள் சிமெண்டு ஷீட் என்று வழங்கும் கல்நார்த் தகடு. ஆஸ்திரியரான ஹாட்செக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினார். எரியாமை, எளிதில் பொருத்தும் வசதி, குறைந்த விலை ஆகியவற்றால் இது சேரிதோறும் நுழைந்தது. ஆனால் கல்நார் இழைகளைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் உள்ளிட்ட நோய்கள் உண்டாகும் என்றும், பாதிப்பு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றும் மருத்துவம் நிறுவியுள்ளது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005க்குள் இதனை முற்றிலும் விலக்கின. நம் உச்ச நீதிமன்றமும் 1995இல், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்தம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. துளையிடும்போதும் அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியே பெருங்கேடு. அவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் நம்மவரே. வெயிலில் இத்தகட்டின் கீழ் பகற்பொழுதில் தங்கவும் முடியாது. மலிவு என்று வாங்கியதற்கு உடல் விலை கொடுக்கிறது.

நான்காவது காங்கிரீட் தளம். மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோரை முன்னிறுத்தித் தோன்றியது. மாநில அரசு 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டத்தையும், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையும் குடிசைகளை மாற்றுவதற்காகத் தொடங்கியது. தளம் போட்ட வீடு பெற்ற நாளில் நம் மக்கள் அடைந்த பெருமிதம் பொருளால் அளக்கத்தக்கதன்று. இருப்பினும் குறைகளையும் சொல்ல வேண்டும். பகலில் ஏறிய சூட்டைத் தளம் இரவில் உள்ளே இறக்கும். கலவை தரமற்றதாயின் நீர் கசியும். உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கும். காரை பெயர்ந்து விழும். தொகுப்பு வீடுகள் பலவற்றில் இதனைக் காண்கிறோம். கீற்றை வீட்டுக்காரனே மாற்றிக்கொள்வான். விரிசலுற்ற தளத்தை மாற்ற அவனால் இயலாது.

தளம் நெருப்பிலிருந்து காக்கும், வெறுப்பிலிருந்து காக்காது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகே, நத்தம் முதலிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. உழைத்துக் கட்டிய உறுதியான வீடுகளும் அவற்றுள் இருந்தன. வீட்டின் உள்ளே புகுந்து தீயிட்டவர்க்குக் கீற்று தேவைப்படவில்லை.

இக்காலத்து விந்தை ஒன்றையும் குறிப்பிடல் தகும். கடற்கரை விடுதிகளில் பிளாஸ்டிக்கால் ஆன போலிக் கீற்றை அழகுக்காக வேய்கின்றனர். நம்மைக் குறிக்கும் அடையாளமாக இருந்த பொருள், விரும்பித் தேர்ந்தெடுப்பவனிடம் அலங்காரம் ஆயிற்று. குற்றம் கீற்றினுடையதன்று, வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு மறுக்கப்பட்டதே குற்றம்.

ஆகவே, வீடு கட்டுவோர் கருதற்பாலன சில உள. முதலில் மனைப் பட்டாவைத் தம் பெயரில் பெறுக. இல்லத்தரசியின் பெயரையும் சேர்த்திடுக. தளம் போடும் நாளில் அருகிருந்து சிமெண்டு, மணல் அளவையும், பின்னர் நாள்தோறும் நீர் ஊற்றுதலையும் கண்காணித்திடுக. தளத்தின்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்தல், அஃது இயலாதெனின் ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், சூட்டைத் தணிக்கும். தளத்தின் இடையே பழைய ஓடுகளை வைத்து வார்க்கும் முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பினார். அதனால் காங்கிரீட் மிச்சமாகும், வெப்பமும் குறையும். கல்நார்த் தகடு உள்ள வீட்டில் அதனைத் துளைத்தலையும் உடைத்தலையும் தவிர்த்திடுக. அகற்ற நேரின் நனைத்து, முழுத் தகடாகவே இறக்குக.

கல்வி பெற்ற நம் பிள்ளைகளுள் பொறியாளரும் கொத்தனாரும் மேற்பார்வையாளரும் இன்று உளர். அரசு தரும் தொகுப்பு வீட்டின் வரைபடத்தைப் படித்து, இது தகும், இது தகாது என்று எடுத்துரைக்கும் ஆற்றல் அவர்களிடம் உள்ளது. எந்தக் கூரையின் கீழ் வாழ்வது என்பதைப் பிறர் முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அம்முடிவை நாமே, அறிந்து, ஆராய்ந்து செய்வது கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.