வார்டன் போட்ட கையெழுத்து

செவிலியர் கல்லூரியில் சமுதாய நலப் பாடம் எடுக்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் என்று ஆரம்பித்தாலே மாணவிகள் 16, 18 என அதன் வகைகளைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் கிடைத்ததும் தெரியும். கம்மம் எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடந்தது என்று கேட்டால்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்திய திட்டம் அது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஒருத்தி நீரில் மூழ்கியவள், ஒருத்தி பாம்பு தீண்டியவள். சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனாலும் 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏன் அவ்வளவு கோபம் என்பதற்கு 2013இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் விடை இருக்கிறது. ஆந்திரத்துச் சம்மதப் படிவங்கள் 9,543இல் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்கள். பெற்றவர்களைக் கேட்கவில்லை.

அதே ஏப்ரலில், அந்தச் சர்ச்சையால், இன்னொரு ஆய்வும் பாதியில் நின்றது. இதே தடுப்பூசி இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க வந்த ஆய்வு. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. அந்தப் பகுதிக்கு இத்தகைய ஆய்வு புதிதல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பரிசோதனை அந்த மாவட்டத்தில் நடந்தது. அதனால் இந்தப் புற்றுநோய்ச் சாவுகள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

நின்றுபோன ஆய்வில் ஒரே ஊசியோடு நின்ற சிறுமிகள் ஏறக்குறைய 5,000 பேர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு தவணையே மூன்றுக்கு நிகராகக் காக்கிறது என்று 2021இல் தெரிந்தது. மறு ஆண்டு, ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு அந்தச் சிறுமிகளும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டின் 2025 நிதிநிலை அறிக்கை 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியை அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஊசி போடும் நாளில், "நாளைக்குப் புள்ள பெத்துக்கறதுல ஏதும் கோளாறு வராதேம்மா?" என்று ஒரு தாய் என் மாணவியிடம்தான் கேட்பாள். அதனால் என் வகுப்பில் சிரிஞ்சுக்கு முன்னால் சம்மதப் படிவம் வரும். ஒருத்தி செவிலி, ஒருத்தி தாய். தாயாக நடிப்பவள் லேசில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது விதி.