மெல்லாத சுவிங்கத்தின் விலை

போன மாதம் ஒருவர் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். 1987 வாக்கில் வந்த ‘பிக் ஃபன்’ பபிள்கம் பெட்டியாம். சீல் உடைக்காதது, உள்ளே கிரிக்கெட் கார்டுகள் அப்படியே இருக்கின்றன என்றார். அவர் சொன்ன விலை என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு வரும். வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தூக்கம் இல்லை. அந்த ஒரு வாரத்தில் படித்ததும் கணக்குப் போட்டதும்தான் இந்தக் குறிப்பு.

இன்று நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பிக் ஃபன் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக: சுவிங்கத்தோடு ஒரு சின்ன கார்டு வரும். அதில் ஒரு கிரிக்கெட் வீரரின் படம், கூடவே ரன் அல்லது விக்கெட் என்று ஓர் எண். சொன்ன அளவு சேர்த்துக் கொடுத்தால் குட்டிப் படப் புத்தகம் கிடைக்கும். பக்கங்களைக் கட்டை விரலால் வேகமாக விட்டால் வீரர் பந்தை அடிப்பது சினிமா மாதிரி ஓடும்.

1987 அக்டோபரில் ரிலையன்ஸ் கோப்பை நடந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அப்போது கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் என் தாய்மாமா மளிகைக் கடை வைத்திருந்தார். லீவு விட்டால் அங்கேதான் இருப்பேன். மலையிலிருந்து புளி, கடுக்காய், சாமை கொண்டுவந்து விற்றுவிட்டு உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவார்கள். கூட வரும் பையன்களிடம் ஒரு கார்டுக்கு ஒரு கை நெல்லிக்காய் என்று பேரம் நடக்கும். நான் பார்த்த முதல் கார்டு மார்க்கெட் அதுதான்.

அக்டோபர் 9 சேப்பாக்கம் மேட்ச்சில் டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நடுவர் முதலில் நான்கு என்றார். இடைவேளையில் கபில்தேவ் ஒத்துக்கொள்ள அது ஆறாக மாறியது. கடைசியில் ஆஸ்திரேலியா 270, இந்தியா 269. ஒரு ரன்னில் தோற்றோம். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு, “டேய், என் நாலு கார்டை ஆறுன்னு வச்சுக்கடா” என்பதுதான் எங்கள் தெருவில் எல்லாப் பேரத்திலும் முதல் வசனம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதே காலத்தில் அமெரிக்காவிலும் பையன்கள் சுவிங்கத்தோடு கார்டு வாங்கினார்கள். அங்கே ஒரு வீரரின் முதல் முறையான கார்டை ‘ரூக்கி கார்டு’ என்பார்கள். பேஸ்கட்பாலில் இதன் வரலாறு விட்டு விட்டுத்தான் ஓடியது. 1957-ல் டாப்ஸ் கம்பெனி 80 கார்டுகள் போட்டது. பில் ரஸ்ஸலின் ரூக்கி கார்டு அதில்தான். அதற்கப்புறம் பல வருஷம் டாப்ஸ் அந்தப் பக்கமே வரவில்லை. 1961-ல் ஃப்ளீர் கம்பெனி 66 கார்டுகள் போட்டது. வில்ட் சேம்பர்லெய்ன், ஜெர்ரி வெஸ்ட், ஆஸ்கர் ராபர்ட்சன் மூவரின் ரூக்கி கார்டும் அதில். அதுவும் ஒரே வருஷத்தோடு சரி. 1969-ல் டாப்ஸ் திரும்பி வந்தது, 1981-82 சீசனோடு மறுபடி விட்டுவிட்டது. காரணம் எளிது: பேஸ்பால் கார்டு அளவுக்கு இது விற்கவில்லை.

மைக்கேல் ஜோர்டன் 1984-ல் என்பிஏவுக்கு வந்தபோது கடையில் பாக்கெட்டாக விற்க ஒரு பேஸ்கட்பால் கார்டும் இல்லை. ஸ்டார் என்ற சிறிய கம்பெனி அணி வாரியாகப் பையில் போட்டு விற்றது, அவ்வளவுதான். 1986-ல் ஃப்ளீர் 132 கார்டுகளோடு மறுபடி வந்தது. அதில் 57-ம் எண் ஜோர்டன். ஆட வந்து இரண்டு வருஷம் கழித்து வந்த கார்டை உலகம் அவருடைய ரூக்கி கார்டு என்று ஏற்றுக்கொண்டதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

இப்போது கணக்கு. ஒரு பாக்கெட்டில் 12 கார்டு, ஒரு ஸ்டிக்கர், ஒரு சுவிங்கம். ஒரு பெட்டியில் 36 பாக்கெட். ஆக 432 கார்டு. 132-ஆல் வகுத்தால் ஒரு பெட்டிக்குச் சராசரியாக மூன்று ஜோர்டனுக்கு மேல் வர வேண்டும். ஆனால் ஜோர்டன் கிடைத்தால் மட்டும் போதாது. பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் முனை, ஓரம், படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 10 வரை மதிப்பெண் போடுகின்றன. அங்கே போன 20,000-க்கும் மேற்பட்ட ஜோர்டன் கார்டுகளில் முழு 10 வாங்கியவை 300 சொச்சம்தான். நூற்றுக்கு ஒன்றரை. சுவிங்கம் பட்ட கார்டில் கறை, மெழுகுத்தாள் பட்ட கார்டில் மெழுகு என்று பாக்கெட்டுக்குள்ளேயே பாதி வினை முடிந்துவிடும்.

2021 தொடக்கத்தில் அப்படி ஒரு 10 மதிப்பெண் கார்டு 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. சில மாதங்களிலேயே அந்த விலை சரிந்ததும் உண்மை. பெட்டியை வாங்குகிறவர்கள் பலரும் அதைத் திறப்பதில்லை. திறந்தால் உள்ளே இருப்பது 432 கார்டு. திறக்காத வரை உள்ளே இருப்பது நம்பிக்கை. நம்பிக்கைக்குத்தான் விலை அதிகம்.

அதனால்தான் ஏமாற்றும் அங்கேயே நடக்கிறது. மெழுகுத்தாளைச் சூடு காட்டிப் பிரித்து, நல்ல கார்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்ட முடியும். ஓர் இஸ்திரிப் பெட்டி போதும். 2022 ஜனவரியில் யூடியூபர் லோகன் பால், 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய சீல் வைத்த போக்கிமான் பெட்டியைத் திறந்தார். நிபுணர்கள் அசல் என்று சான்று கொடுத்த பெட்டி அது. உள்ளே இருந்தது வேறு ஏதோ ஜி.ஐ. ஜோ கார்டுகள்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். பழசு என்பதால் மட்டும் விலை வருவதில்லை. 1952-ல் அச்சடித்த பேஸ்பால் கார்டுகள் விற்காமல் கிடந்தன என்று டாப்ஸ் 1960-ல் அவற்றை அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. அந்த வரிசையின் மிக்கி மேன்டில் கார்டு 2022-ல் 1.26 கோடி டாலருக்குப் போனது. 1990 வாக்கில் எல்லோரும் “நாளைக்கு விலை ஏறும்” என்று பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்றும் சல்லிசு.

இந்தக் கணக்கில் நம் பிக் ஃபன் எங்கே வருகிறது? மாமாவுக்கு போன் போட்டேன். எழுபத்தெட்டு வயசு.

“மாமா, பழைய பபிள்கம் பெட்டி ஏதாவது பரண்ல கெடக்குதா?”

“யார்றா வச்சிருப்பா அத? பெட்டி காலியானா அடுத்த பெட்டி. விக்காம கெடந்தா எறும்பு வந்துரும்.”

“அந்தக் கார்டெல்லாம்?”

“நீங்கதானே புஸ்தகம் வேணும்னு கொண்டாந்து கொடுத்தீங்க. எண்ணிப் பாத்து ரப்பர் பேண்டு போட்டு ஏஜென்டுகிட்ட கொடுத்துடுவேன். அவன் என்ன பண்ணானோ.”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அமெரிக்கப் பையனுக்கு கார்டே பொருள். அவன் அதை ஷூ டப்பாவில் போட்டு வைத்தான், பின்னாளில் அம்மா தூக்கிப் போட்டாலும் சிலது தப்பியது. நமக்கு கார்டு பொருள் இல்லை, சில்லறை. ரன்னும் விக்கெட்டும் அதன் மேல் அச்சடித்த மதிப்பு. சேர்ந்ததும் கொடுத்துவிட்டுப் புத்தகம் வாங்குவதுதான் ஆட்டம். ஆசையாகச் சேர்த்தவன்தான் முதலில் திருப்பிக் கொடுத்தான். அக்கறை இல்லாதவனுடைய நாலு கார்டுதான் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டி அடியில் மிஞ்சியது. நம்மிடம் சேகரிப்பு இல்லாததற்கு நம் அலட்சியம் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அந்தத் திட்டமே அப்படித்தான் அமைந்திருந்தது.

விற்க வந்தவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். பெட்டி இத்தனை வருஷம் எங்கே இருந்தது? அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? ஒரே ஒரு பாக்கெட்டை வீடியோவில் திறந்து காட்டுவீர்களா, அதற்குத் தனியாகக் காசு தருகிறேன். “திறந்தா வேல்யூ போயிடும் சார்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஜோர்டன் பெட்டிக்காவது நாற்பது வருஷமாக ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய கண்கள் இருக்கின்றன. அவையும் ஏமாறும். நம் பெட்டி அசலா என்று சொல்ல ஆளே இல்லை. வாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பாவின் பழைய டைரிக்குள் ஏழு கார்டு கிடைத்தது. மூன்றில் முனை மடங்கியிருக்கிறது. ஒன்றில் என் கையெழுத்தில் 4 என்பதைப் பேனாவால் 6 ஆக்கியிருக்கிறேன். பிஎஸ்ஏவுக்கு அனுப்பினால் மதிப்பெண்ணே போடாமல் திருப்பி அனுப்புவார்கள். ஏழையும் ஸ்கேன் செய்து, கிடைத்த இடம், அளவு, அச்சின் நிறம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது ஒரு பெட்டியைக் காட்டி அசல் என்றால், பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏழாவது இருக்கட்டும்.