இல்ல ஒளிப்பதிவு

இல்ல ஒளிப்பதிவு என்பது, ஒரு குடும்பத்தார் தம் வீட்டுச் சுபகாரியங்களையும் பிரயாணங்களையும் ஊர்த் திருவிழாக்களையும், காமிராவும் பதிவுச் சாதனமும் ஒன்றாய் அமைந்த காம்கார்டர் என்னும் கைக்கருவியால் தாமே படமெடுத்து வைக்கும் கலையாகும். கருவி எத்துணை உயர்ந்ததாயினும், அதைத் தாங்கும் கை நிலைகொள்ளாவிடில் காண்போர்க்குத் தலைச்சுற்றலே மிஞ்சும். ஆதலின் ஸ்திரமாகப் பிடித்தலே இக்கலையின் பிரதான இலக்கணம்.

வரலாறு

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்குப் படப்பிடிப்பு புதியதன்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையில் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவற்றை உருவாக்கியது. அக்காலத்து ஸ்டூடியோக்களில் காமிராவின் பெருங்கனத்தைத் தாங்க முக்காலியும் தண்டவாளத்தில் நகரும் டிராலியும் இருந்தமையால், படம் நடுங்குவதற்கு இடமே இருந்ததில்லை. 1983இல் சோனி நிறுவனம் வெளியிட்ட பீட்டாமூவி தோளில் சார்த்திப் பிடிப்பதாய் இருந்தது. 1985இல் 8 மில்லிமீட்டர் கேசட்டும், 1995இல் டிஜிட்டல் கேசட்டும் வந்தபின், கருவி உள்ளங்கையில் அடங்கலாயிற்று. கனம் குறையக் குறைய நடுக்கம் மிகுந்தது. முக்காலி செய்த வேலை மனித உடலின்மேல் வந்து சேர்ந்தது.

நடுக்கத்தின் காரணம்

லென்ஸ் தூரக்காட்சியை அருகே இழுக்குமளவுக்குக் கையின் நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். பத்து மடங்கு ஜூம் செய்தால் நடுக்கமும் ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆகவே விரிந்த காட்சிக்கு லென்ஸை வைத்துக்கொண்டு, பொருளை நோக்கி நாமே நடந்து செல்வதே உத்தமம். கருவிக்குள் அமைந்துள்ள நடுக்கந்தணிக்கும் ஏற்பாடு, அசைவை உணர்ந்து லென்ஸையோ பிம்பத்தையோ எதிர்த்திசையில் நகர்த்திச் சிறு நடுக்கத்தை ஆற்றுமேயன்றி, நடக்கையில் ஏற்படும் குலுக்கலை முற்றிலும் நீக்க வல்லதன்று.

பிடிக்கும் முறை

வலக்கையைப் பட்டைக்குள் இறுகச் செலுத்தி, இடக்கையால் கருவியின் அடியைத் தாங்கி, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, கால்களைத் தோளகலம் பரப்பி, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி நிற்றல் வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் துளையுள்ள கருவியைப் புருவத்தில் அழுத்திப் பார்த்தால் மூன்றாவது ஆதாரமும் கிட்டும். தூண், சுவர், திண்ணை, வண்டியின் பக்கம் எதுவாயினும் சாய்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு காட்சியையும் அசையாது பத்து வினாடியேனும் பிடித்தல் அவசியம். காமிராவைப் பக்கவாட்டில் திருப்ப நேர்ந்தால், முடியுமிடத்தை நோக்கிப் பாதங்களை முன்னரே நிறுத்தி, இடுப்பை மட்டும் மெல்லத் திருப்பி, தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம் நிலைத்து நிற்க வேண்டும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தின் சந்தர்ப்பங்கள்

திருச்செங்கோட்டு வைகாசி விசாகத் தேர் வீதியில் அசைந்து வருகையில், அதனோடு தானும் ஓடிக்கொண்டே படமெடுப்பவருக்குத் தேரும் கிட்டுவதில்லை, ஜனத்திரளும் கிட்டுவதில்லை. உயரமான ஒரு திண்ணையில் முன்னதாகவே இடம்பிடித்து, கருவியை அசைக்காமல் தேரைக் காட்சிக்குள் வரவிட்டுப் போகவிடுபவருக்கு இரண்டும் கிட்டும். அசைய வேண்டியது காட்சி. அசையாதிருக்க வேண்டியது காமிரா.

கொங்கு வேளாளர் திருமணத்தில் அருமைக்காரர் என்னும் பெரியவர் முன்னின்று நடத்தும் சீர்கள் என்னும் சடங்குகள் பல. மணமகனின் சகோதரி பங்குகொள்ளும் இணைச்சீர் போன்றவை சில நிமிஷங்களில் நிறைவேறிவிடும், மீண்டும் நடத்திக் காட்டுமாறு கேட்க இயலாது. ஆகவே எந்தச் சீர் எங்கே, எப்போது என்று அருமைக்காரரிடமே முன்னதாகக் கேட்டறிந்து, சுற்றத்தாரின் பார்வையை மறைக்காத இடத்தில் நிற்றல் அறிவுடைமை. கெட்டிமேளம் முழங்குகையில் மைக்கை மேளத்துக்கு மிக அருகில் வைத்தால் ஒலி கரகரக்கும். குழல்விளக்கின் கீழ் எடுக்கும்போது, நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி கொண்டதாதலால், ஷட்டர் வேகத்தை வினாடியில் ஐம்பதிலொரு பங்காக வைத்தால் படம் சிமிட்டாது.

கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் ஏறும் பஸ்ஸின் ஜன்னல் வழியே எடுத்த படம் பெரும்பாலும் வீணே. வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி எடுப்பதே தகும். அம்மலையின் ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கிச் செல்வோர், மூச்சு அடங்கியபின் கருவியைத் தொடுவது நலம், ஏனெனில் இரைக்கும் மார்பின் அசைவு முழுதும் படத்தில் பதியும். கோடையின் உச்சிவெயிலில் முகங்களில் கருநிழல் விழுமாதலால், காலையும் மாலையுமே படத்துக்கு உகந்த வேளைகள்.

பாதுகாப்பு

கேசட்டில் பதிந்தவை சாசுவதமல்ல. வெப்பமும் தூசியும் பூஞ்சையும் காந்தநாடாவைக் கெடுக்கும். அதை ஓட்டும் கருவியோ அருகிவருகிறது. ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016இல் வீடியோ கேசட் கருவிகளின் உற்பத்தியை நிறுத்தியதோடு, அவற்றைப் புதிதாய்ச் செய்வோர் எவருமில்லாது போயினர். பாட்டன் பாட்டியரின் குரலும் நடையும் பலருக்கு இக்கேசட்டுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஆதலின், பீரோவில் கேசட் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும், ஓட்டும் கருவி கிட்டும் இப்போதே அவற்றை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றி, இரு வேறு இடங்களில் பிரதி வைத்துக் காக்க வேண்டும்.