பரணில் கிடந்த விக்-20

போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு பழைய அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே கமடோர் விக்-20 கம்ப்யூட்டர். 1983-ல் என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது என் மகனுக்காகக் கொண்டுவந்தது. அதைப் பற்றி எழுதும் சாக்கில் ஒரு பழைய கடனையும் தீர்த்துக்கொள்கிறேன்.

பார்த்தால் தடித்த கீபோர்டு மாதிரிதான் இருக்கும். டிவியோடு இணைத்தால்தான் கம்ப்யூட்டர். அதன் உயிர்நாடி 'விக்' என்ற ஒரே ஒரு சிப். திரையில் படம் காட்டுவதும் அதுதான், சத்தம் எழுப்புவதும் அதுதான். கம்ப்யூட்டருக்குப் பெயரே அதிலிருந்து வந்தது.

1977-ல் அமெரிக்காவில் கமடோருக்குச் சொந்தமான எம்.ஓ.எஸ். டெக்னாலஜியில் ஆல் சார்பென்டியர் இதை வடிவமைத்தார். வீடியோ கேம் செய்பவர்கள் வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். யாரும் சீந்தவில்லை. பிறகு ராபர்ட் யானஸ் என்ற இளம் பொறியாளர் அந்தச் சிப்பை வைத்து ஒரு சிறிய கம்ப்யூட்டரைச் செய்து காட்டினார். அதுதான் விக்-20 ஆயிற்று. 1980-ல் ஜப்பானிலும் மறு வருடம் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. விலை 300 டாலருக்குள். படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தால் அந்த விலைக்குக் கட்டுப்படியாகி இருக்காது. பத்து லட்சம் விற்ற முதல் கம்ப்யூட்டர் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். திரையில் வரிக்கு 22 எழுத்து, மொத்தம் 23 வரி. நினைவகம் 5 கிலோபைட். நமக்கு மிஞ்சுவது 3583 பைட். மூன்று ஸ்வரக் குரல்கள், 'உஸ்' என்று இரைச்சல் எழுப்ப நான்காவது. 36878 என்ற முகவரியில் ஒரு பாதி ஒலியின் அளவு, மறு பாதி ஒரு நிறம்! ஒரே அறைக்குள் இரண்டு குடித்தனம்.

இனி என் கதை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் இணைத்தோம். படம் மேலே மேலே ஓடியது. திருகைத் திருப்பி ஒருவழியாக நிறுத்தினேன். சத்தம் மட்டும் வரவேயில்லை. பத்து வயதுப் பையன் புத்தகத்தைப் பார்த்து மணிக்கணக்கில் தட்டினான். ஒரு 'கீச்' கூட இல்லை. இரண்டாம் நாள் அவன் டிவி திருகுகளை நோண்டுவதைப் பார்த்துவிட்டேன். "நீதான் கெடுத்துட்டே" என்று முதுகில் ஓர் அறை. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். அவன் திரும்பக் கேட்கவே இல்லை.

பல வருடம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. அமெரிக்காவுக்கான சிப் 6560, ஐரோப்பாவுக்கு 6561. அமெரிக்க டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும், நம்முடையது 50 முறை. அதனால்தான் படம் ஓடியது. படத்துக்கும் ஒலிக்கும் நடுவே அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, இங்கே 5.5. சிப் பாடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் டிவி வேறு இடத்தில் காதை வைத்துக் காத்திருந்தது. பையன் எதையும் கெடுக்கவில்லை.

மகனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அது ரிப்பேர் இல்லையாப்பா?" என்றான். "இல்லடா" என்றேன்.

"தூக்கிப் போட்டுடாதீங்க. பொங்கலுக்கு வரேன், சத்தம் வர வச்சுப் பார்ப்போம்" என்றான். பெட்டியை மறுபடி பரணில் ஏற்றவில்லை. கூடத்து மேஜை மேலேயே இருக்கிறது.